நாலாவது போல்ட்

போல்ட்டின் தலையில் இரண்டு சொட்டு டீசல் விட்டதும் அழகுராஜா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். "ஊறட்டும்ணே. அவசரப்பட்டீகன்னா முறிஞ்சுருவான்" என்பார் வண்டிக்காரரிடம். போல்ட் அவருக்கு எப்போதும் 'அவன்'தான். சொன்ன பேச்சைக் கேட்டால் ராசா; கேட்காவிட்டால் எடுபட்ட பய.

காரைக்குடி கழனிவாசல் பக்கம் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. அழகுராஜாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. கழற்றிய போல்ட்டுகளைக் கிண்ணத்தில் போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இந்த ஊர்க் கல்யாணப் பத்திரிகைகள் பலகை மாதிரி கனமாக இருக்கும். அப்படி ஒன்றில், எஞ்சினில் இருக்கிற வரிசைப்படியே துளை போட்டு, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே செருகி வைப்பார். மணமகன் பெயருக்கு மேலே ஒன்று, முகூர்த்த நேரத்துக்குக் கீழே ஒன்று. திரும்ப மாட்டும்போது எல்லாவற்றையும் முதலில் விரலாலேயே ஓட்டுவார். பிறகுதான் ஸ்பேனர், அதுவும் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அவரிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் வாய். எந்த வண்டியைத் திறந்தாலும், முன்னால் அதைப் பார்த்த மெக்கானிக்கை ஒரு பிடி பிடிக்காவிட்டால் அவருக்கு வேலை ஓடாது. "எந்தப் புண்ணியவான்ணே கை வச்சது?" என்று தொடங்கினால், அந்தப் புண்ணியவானுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வரைக்கும் போய்த்தான் நிற்பார். அந்த வசவைக் கேட்கவே சிலர் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பார்கள். நானும்தான்.

போன மாதம் நாச்சியாபுரத்துப் பெரியகருப்பன் தன் நாலு சக்கர பைக்கை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சர்க்கரை நோயில் அவர் கால்களில் உணர்ச்சி போய்விட்டது. வயலில் நடக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வரப்பு, கண்மாய்க் கரை என்று எதிலும் ஏறுகிற அந்த வண்டியில்தான் விவசாயத்தைச் சுற்றிப் பார்க்கிறார். கொஞ்ச நாளாக எஞ்சினில் டப் டப் என்று சத்தம். அதோடு, கட்டியிருந்த வேட்டியின் ஓரம் கருகியிருந்தது.

"நாத்தம் அடிச்சுக் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது, வேட்டி எரியுதுன்னு. காலுக்கு ஒண்ணுமே தெரியலப்பா. நாளான்னைக்கு அறுப்பு மிசினு வருது. வண்டி இல்லாம நான் எப்படிப் போயி நிப்பேன்?"

"காலை இங்குட்டு நீட்டுங்கண்ணே, பாப்போம்." நல்லவேளையாகக் கொப்புளம் எதுவும் இல்லை.

எஞ்சினோடு புகைக்குழாய் சேருகிற மேனிஃபோல்டின் இடுக்கில் கரி படிந்திருந்தது. அந்த வழியாகத்தான் அனல் கால் பக்கம் அடித்திருக்கிறது. மூன்று போல்ட்டுகள் பதமாகக் கழன்று பத்திரிகையில் ஏறின. நாலாவதில் ஸ்பேனர் பட்டதுமே தலை மட்டும் தனியாகக் கையோடு வந்தது. போல்ட் எப்போதோ முறிந்து, உடல் துளைக்குள்ளேயே சிக்கியிருக்க, வெளியே தெரியாமலிருக்க யாரோ தலையைச் சூடு தாங்கும் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"எந்தப் புண்ணியவான்..." என்று ஆரம்பித்த அழகுராஜா பாதியில் நின்றார். விரல் பட்டுக் கரி உதிர்ந்த தலையின் நடுவே உளியால் குத்திய சின்னப் புள்ளி. மாட்டுகிற ஒவ்வொரு போல்ட்டிலும் அவர் வைக்கிற புள்ளி அது. நாலு வருஷத்துக்கு முன்னால், திருப்பத்தூரில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் இதே வண்டியின் போல்ட் முறிந்தது. அடுத்த வாரம் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுக்கலாம் என்று ஒட்டி அனுப்பியவர், அதோடு மறந்துபோனார்.

"ஏன் நிறுத்திட்டே, நல்லா நாலு கேளு" என்றார் பெரியகருப்பன். "போன வருசம் மகன் மதுரையில ஒரு தடவை சர்வீசு விட்டானே, அவுங்க வேலையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதுரையிலிருந்து யாரும் வந்து மறுக்கப் போவதில்லை. இந்த ஊரில் அழகுராஜாவைத் தவிர வேறு கையை நம்பாத மனிதர் பெரியகருப்பன். அந்த நம்பிக்கையும் அப்படியே இருந்திருக்கும்.

"இல்லண்ணே. நாந்தான். முறிஞ்சதை உங்ககிட்டச் சொல்லாம ஒட்டிவிட்டேன்" என்று அந்தத் தலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

பெரியகருப்பன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கருகிய வேட்டியையும் ஒருதரம் பார்த்தார். "ஊரு மெக்கானிக்கை எல்லாம் வாய் கிழியப் பேசுவியே அழகு" என்றார். போல்ட் தலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, இப்பவாச்சும் ஒழுங்காப் பாரு" என்றார்.

உள்ளே சிக்கிய துண்டைத் துளையிட்டு எடுக்க அரை நாள் ஆயிற்று. கை கொஞ்சம் விலகினாலும் எஞ்சின் ஹெட் பாழ். அறுப்புக்கு வண்டி கிடைக்காது. அன்றைக்கு அழகுராஜா டீ குடிக்கப் போகவில்லை, யாரையும் திட்டவுமில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. சாயங்காலம் புதிய போல்ட்டுகள் நாலும் ஏறின. எஞ்சின் சீராக ஓடியது.

"அதான் சத்தம் போயிருச்சே. லாரியில ஏத்திவிடுப்பா, கிளம்புறேன்."

அழகுராஜா காதில் வாங்கவில்லை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை உறுமவிட்டபடியே, பெரியகருப்பனின் கால் இருக்கிற இடத்தில் தன் வெறுங்காலை வைத்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷமும் போயிற்று. "போதும்யா, இறங்கு" என்று பெரியகருப்பன் அதட்டியபோது, காலை இன்னும் ஒரு விரற்கடை எஞ்சின் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார்.