போடாமல் இருக்கும் படிப்பு

எங்கள் வீட்டில் அணு ஆயுதக் கொள்கையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அத்தை. இன்னொருத்தி, நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சென்னையில் விடுதியில் தங்கிப் போர் உத்தி பற்றியும் நாட்டின் பாதுகாப்பு பற்றியும் எம்.ஏ. முடித்துவிட்டு அனுமந்தன்பட்டிக்குத் திரும்பியிருந்தாள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்திருந்தது. வீட்டில் பேசிப் பார்த்தால் அம்மா சிரித்துவிடுவாள் என்பதால் ஒத்திகை எல்லாம் தென்னந்தோப்பு மோட்டார் ரூமில்தான். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் நான்தான் தேர்வுக் குழு. அவள் அட்டையில் எழுதிக் கொடுத்த கேள்விகளை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்பேன். அவள் கைகளைப் பின்னால் கட்டியபடி பதில் சொல்வாள். நாம் முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம். நம் மேல் போட்டால் நாம் கொடுக்கும் பதிலடி தாங்க முடியாததாக இருக்கும். அந்த முடிவை எடுப்பது தளபதி அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. பத்தே நாளில் எனக்கு எல்லாம் மனப்பாடம். அர்த்தம் மட்டும்தான் தெரியாது.

அப்பாவோ அத்தை வரலாறு படித்ததாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. முதலில் வந்த கெங்குவார்பட்டி வரனிடம் உண்மையைச் சொல்லப்போய், "குண்டு செய்யிற பிள்ளையா? நமக்கு எதுக்குய்யா வம்பு" என்று எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் உத்தரவு, யார் கேட்டாலும் வரலாறு. நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

அடுத்து வந்தது கூடலூர் வரன். குமுளிக்கு ஜீப் ஓட்டுகிற குடும்பம், வசதியானவர்கள். பெண் பார்க்க வந்தபோது காப்பியோடு எழுந்துகொண்டவர்கள், வெள்ளிக்கிழமை பேசி முடிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை கழுவி இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் பேச்சை மாற்ற முடியாது.

நேர்முகத் தேர்வு அதற்கடுத்த திங்கட்கிழமை. "முடிஞ்சிருச்சுன்னா எதுக்குத்தா மெட்ராசு அலைச்சல்?" என்றார் அப்பா. தாயும் தகப்பனும் இல்லாத தங்கையை வளர்த்தவர் அவர். அத்தை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நகையும் தேதியும் பேசி முடிந்தன. ஏழு இலை போட்டாயிற்று. கை கழுவத் தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்த அத்தை, அடுப்படி வாசலிலேயே குனிந்து என் காதருகில் சொன்னாள்:

"யாரும் கேக்காம நீயா வாயத் தெறக்காத. கேட்டுட்டாகன்னா பயப்படாம, தெரிஞ்சத முழுசாச் சொல்லிரு."

பெரியவர்கள் இருக்கும் இடத்தில் மரியாதையாக இருக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தலையாட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வந்தார். நீட்டிய கையில் நான் தண்ணீர் ஊற்றப்போகும்போது, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஏத்தா, ஒங்க அத்தை மெட்ராசுல என்ன படிச்சாக?"

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். வரலாறு என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அடுப்படி வாசலைப் பார்த்தேன். அத்தை தலையசைக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

"அணு ஆயுதக் கொள்கை" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தம்மாவின் அண்ணன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பின்னாலிருந்து சிரித்தார். "ஏத்தா, குண்டு போடுற படிப்பா?"

"இல்ல. குண்டு இருந்தும் போடாம இருக்கிறதுக்கான படிப்பு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுசாகச் சொல்லச் சொல்லியிருந்தாளே. செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தொட்டிச் சுவரில் கேட்டதை எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அப்பாவின் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பாதியில் விட முடியவில்லை.

பட்டாளத்துக்காரர் முன்னால் வந்தார். "சரித்தா. மொதல்ல போட மாட்டோம்னு நாம சொன்னா, எதிராளி எப்பிடி நம்புவான்?"

அது அட்டையில் இருந்த இரண்டாவது கேள்வி. தேர்வுக் குழுவாகவே இருந்து பழகிவிட்டதால், நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டேன்.

அத்தை வெளியே வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நம்ப வைக்க முடியாதுங்கய்யா. சொன்னபடி வருசக்கணக்கா நடந்துதான் காட்டணும். நாம மொதல்ல அடிக்க மாட்டோம், ஆனா அவன் அடிச்சா விட மாட்டோம். இந்த ரெண்டுல எதுல அவனுக்குச் சந்தேகம் வந்தாலும் ஆபத்துதான்." கொஞ்சம் நிறுத்தி, அதே குரலில் சொன்னாள். "திங்கக்கெழம இதத்தான் மெட்ராசுல கேப்பாக. போகணும்னு ஆசைங்கய்யா. கிடைச்சா மூணு வருசம்."

மாப்பிள்ளையின் அம்மா உலர்ந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "கை நனைக்கல தம்பி. இன்னொரு நா பாப்போம்" என்றார் அப்பாவிடம். ஏழு இலையும் அப்படியே கிடந்தன.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் பட்டாளத்துக்காரர் மட்டும் அப்பாவிடம் திரும்பி வந்தார். "இருவது வருசம் துப்பாக்கியத் தூக்கித் திரிஞ்சேன். ஒரு ஆபீசரும் எனக்கு இப்பிடி வெளங்கச் சொல்லல. தங்கச்சிய அனுப்பி வைங்க" என்றார்.

அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தானே அத்தையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டார். நானும் போனேன். அங்கே டீக்கடைக்காரர் யதார்த்தமாக எங்கே பயணம் என்று கேட்டதற்கு, "தங்கச்சி அணு ஆயுதக் கொள்கை பேசப் போகுது" என்று பக்கத்துக் கடைவரை கேட்கும்படி சொன்னார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

இன்று அத்தை வடக்கே ஒரு நகரத்தில் இளம் ராணுவ அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

போன மாதம் என் மகளை எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அழைத்துப் போனேன். அதிகம் பேசிவிடுவாளோ, பேசாமலே இருந்துவிடுவாளோ என்று முந்தின நாளிலிருந்தே எனக்குப் பதற்றம். வகுப்பறை வாசலில் குனிந்து அவள் காதில் சொன்னேன்: கேட்காமல் நீயாகப் பேசாதே, கேட்டால் பயப்படாமல் முழுசாகச் சொல்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. முதலில் பயன்படுத்தாதே. பயன்படுத்த நேர்ந்தால் பாதியில் நிறுத்தாதே. பத்து நாள் மனப்பாடம் செய்த கொள்கையைத்தான் அத்தை அன்று அடுப்படி வாசலில் என் காதில் சொல்லியிருக்கிறாள். செம்போடு நின்ற அந்தப் பிள்ளைக்கு, தன்னிடம் கொடுக்கப்பட்டது வெறும் தண்ணீர் இல்லை என்பது தெரியவில்லை.