அப்பா சலித்த மணல்

அப்பா தையல்காரர். கல்லூரி மாணவர்கள் சிலர் எங்கள் தெருவுக்கு மணல் வடிகட்டி கட்டித்தர வந்தபோது, கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு உட்கார்ந்து மணல் சலித்தார். அதன்பிறகு அந்த வடிகட்டியின் தண்ணீரைத்தான் குடித்தார். நீர்ப் பொறியாளனான நான் வீட்டில் மாட்டிக்கொடுத்த சுத்திகரிப்பு இயந்திரத்தைச் சீண்டவே இல்லை.

அவர் இறந்ததும் அந்த மாணவர்கள் வந்தார்கள். ஒருத்தி “அப்பா, அப்பா” என்று தேம்பினாள். எனக்கு வயிறு எரிந்தது.

“என் மெஷின்ல என்னம்மா குறை?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஒரு குறையும் இல்லடா. அவங்க அவரையும் வேலைக்குச் சேத்துக்கிட்டாங்க. நீ ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விடல.”

வடிகட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன், தேறக்கூடாது என்று வேண்டிக்கொண்டே. தேறிவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.