இரண்டு கதவையும் ஒன்றாகத் தட்டு

செஞ்சிக் கடைத்தெருவில் சீர்ப் பாத்திரம் வாங்க வரும் சம்பந்திகளைச் சமாளிக்க மதுமதியை விட்டால் ஆளில்லை. அண்டா சிறிதென்று பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்குவார்கள். இதுவே அதிகம் என்று பெண் வீட்டார் முறைப்பார்கள். கடைக்காரரான அவள் அப்பா சொக்கலிங்கம் குடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். மதுமதி நடுவில் புகுந்து, சிரிக்கவைத்து, இரண்டு தரப்பையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளின் கல்யாணமே இப்போது ஊசலாடியது. வியாழக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை, சிங்கவரத்து அத்தை மகன் நரேஷ், வளைகுடாவில் ஓர் ஓட்டலில் காப்பி பரிமாறுகிறவன். போரில் இருந்த இரண்டு நாட்டுத் தூதர்கள் அந்த ஓட்டலில்தான் ரகசியமாகப் போர்நிறுத்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை ஊழியர்களுக்கு லீவு கிடையாது. பரம ரகசியம் என்பதால் நரேஷ் மதுமதியிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து போன் வந்தது.

"இன்னா மாமா, முடிஞ்சிதா?"

"எங்க முடியுது! ஆளுக்கொரு ரூம்ல உக்காந்துகினு மூஞ்சியே பாக்கமாட்டேன்றாங்க. நடுவுல ஒருத்தர் பேப்பர தூக்கினு ஓடுறாரு. அந்தக் கோடில இருக்கற ரூம்ல நான் குடுக்கற காப்பியகூட தொடல."

"மொதல்ல எந்த ரூமுக்குக் குடுக்கற?"

"கிச்சன் பக்கத்து ரூமுக்கு. அப்பறந்தான் கோடிக்கு."

மதுமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "மக்கு மாமா! சம்பந்திக்கு ரெண்டாவதா குடுத்தா குடிப்பானா? காப்பி தள்ற வண்டி ரெண்டு எடு. இன்னொருத்தர கூட்டிக்க. ரெண்டு கதவையும் ஒண்ணா தட்டு."

"மேனேஜர் திட்டுவாருடி."

"திட்டட்டும். நீ வர்லன்னா மணவறைல உன் போட்டோ பக்கத்துலயா உக்காருவேன்?"

திங்கட்கிழமை கோடி அறைக் கோப்பைகள் காலியாகத் திரும்பின. செவ்வாய் மதியம் இரண்டு தரப்பும் ஒரே மேசைக்கு வந்தன. காப்பியால்தான் என்றால் நரேஷே நம்பமாட்டான். மதுமதிக்குத் துளியும் சந்தேகமில்லை.

புதன் காலை டிவியில் செய்தி ஓடியதும் அவள் குதித்த குதியில் எவர்சில்வர் தட்டுகள் சரிந்தன.

"சண்ட நின்னுடுச்சும்மா!"

அம்மா ஆதிலட்சுமி உள்ளிருந்து ஓடிவந்தாள். "யார் வூட்டு சண்டடி?"

"நாட்டு சண்டம்மா! மாமா வருது!"

மறுநாள் முகூர்த்தத்துக்குப் பத்தே நிமிடம் இருக்கையில், மண்டப வாசலில் டாக்சி நின்றது. ஓட்டல் சீருடைக் கறுப்புக் கோட்டும் டையுமாக நரேஷ் இறங்கினான். மணப்பெண் மாடி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"இப்பதான் வர்றியா மாமா?"

"நேத்து சாயங்காலம் அவங்க கையெழுத்துப் போட்டதும் ஓடியாந்துட்டேன்டி! கைய குலுக்கனதகூட பாக்கல!"

"கோட்டக் கழட்டி வேட்டியக் கட்டு, ஓடு!"