செமஸ்டருக்கு இரண்டு பாடம்

கைகள் கண்ணாடிப் பலகையின் மேல் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. விரல்களால் அழுத்த முடியாததால் உள்ளங்கையின் அடிப்பகுதிதான் அந்தச் சிறிய கண்ணாடிச் சில்லை நகர்த்தியது. சில்லின் அடியில் ஒட்டியிருந்த பாறைத் துண்டு, நீரில் குழைத்த சாணைப் பொடியில் உரசித் தேய்ந்தது. சாம்பல் நிறச் சேறு ஓரங்களில் ஒதுங்கியது. சற்று நேரத்தில் கைகள் நின்று, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறங்கி, மணிக்கட்டுவரை மூழ்கிக் கிடந்தன.

வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குப் பாறையைத் தேய்க்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தடிமனைப் பாறையிலுள்ள குவார்ட்ஸ் மணிகளின் நிறமே சொல்லிவிடும். மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும், வெளிறிய சாம்பலானால் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும்.

மாரிட் கோஸ்கி கைகளைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மஞ்சள்.

மார்ச் விடுமுறை. வட மிச்சிகனில் ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. நிலவியல் துறை மாணவர்கள் எல்லாரும் வேன்களில் ஏறி அரிசோனாவுக்குப் பாறை பார்க்கப் போயிருந்தார்கள். ஆய்வேட்டுக்காக அவள் எடுத்து வந்த பாறையில் மிஞ்சியது இந்த ஒரு துண்டு. வேறு எடுக்கலாமென்றால் அந்தக் கரை மே மாதம்வரை பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும். ஆய்வேட்டை ஏப்ரலில் கொடுக்க வேண்டும். இதுவும் வீணானால் இந்தக் கல்லூரியில் இன்னொரு வருஷம்.

முதல் வருஷத்தின் கடைசியில் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. கல்லூரியின் மாற்றுத்திறனாளி அலுவலகம் பாடங்களைக் குறைத்துக்கொடுத்தது. மற்றவர்கள் நான்கைந்து எடுக்கும் செமஸ்டரில் அவளுக்கு இரண்டு. ஆனாலும் முழுநேர மாணவிதான், விடுதி அறையும் உண்டு. நல்ல ஏற்பாடு. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கூட வந்தவர்கள் முன்னே போய்க்கொண்டே இருந்தார்கள் என்பதைத் தவிர.

நான்காம் வருஷத் தொடக்கத்தில் இன்னும் பாதிப் படிப்பு மீதி இருந்தது. இரண்டு செமஸ்டரும் பாடங்களை அள்ளிப் போட்டு, கோடையிலும் படித்தால் அறைத் தோழி ப்ரென்னாவை விட அவ்வளவாகப் பின்தங்காமல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். அலுவலகத்தில் லொரெய்ன் என்ற பெண்மணி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குப் பாடத்தக் குறைச்சது படிப்பக் குறைக்க இல்லம்மா. நாளக் கூட்டித் தர்றதுக்கு. யாரோட போட்டி உனக்கு?"

"போட்டி இல்ல. எல்லாரும் போயிடுவாங்க, அதான்."

லொரெய்ன் அவள் கேட்டபடியே பதிந்துகொடுத்தார்.

இரண்டாவது செமஸ்டர் பாதியில் விரல்கள் புளித்த மாவு போல உப்பின. ஜாம் பாட்டிலைத் திறக்க அடுத்த அறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் மூன்று பாடங்களுக்கு வேலை முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில், நடுவில் நிறுத்திப் பார்க்காமல் தேய்த்ததில் அந்தப் பாறையின் முதல் சீவல் காணாமலே போயிற்று. சில்லைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். ஜன்னல்தான் தெரிந்தது. ஒன்றைத் தவிர எல்லாப் பாடங்களையும் கைவிட்டாள்.

பட்டமளிப்பு நெருங்கியபோது ப்ரென்னா விடவில்லை.

"ஏய், எங்களோட சேந்து மேடை ஏறிடுடி. பேரு கூப்பிடுவாங்க, கை குடுப்பாங்க, படம் எடுப்பாங்க. மிச்சத்த அப்புறம் படிச்சுக்கோ. எத்தன பேரு அப்படிப் பண்றாங்க!"

"அவங்க தர்ற அட்டைக்குள்ள பட்டம் இருக்காதே."

"எங்களுக்கும் இருக்காது! எல்லாருக்குமே அன்னைக்குக் காலி அட்டைதான்."

"உங்களுக்குப் பின்னாடி தபால்ல வந்துடும்."

மாரிட் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். கை தட்ட முடியாததால், ப்ரென்னாவின் பெயர் வந்தபோது வாய்விட்டுக் கூவினாள்.

அதன்பின் மறுபடி செமஸ்டருக்கு இரண்டு பாடம். ஒவ்வொரு வகுப்பிலும் புது முகங்கள். மற்ற வகுப்புகளிலும் சேர்ந்தே இருப்பவர்கள் என்பதால் அவர்களுக்குள் ஏற்கெனவே ஆயிரம் கேலிகள் இருக்கும். அவள் பெயர்களைப் பழகி முடிப்பதற்குள் செமஸ்டர் முடியும். ஒருமுறை ஒருவன் அவளிடம், "மேடம், லேப் நீங்கதான பாத்துக்கறீங்க? கையுறை எங்க இருக்கு?" என்று கேட்டான். அவள் எடுத்துக்கொடுத்தாள். நானும் மாணவிதான் என்று சொல்லவில்லை.

இப்போது ப்ரென்னா டுலூத்தில் ஒரு சுரங்க நிறுவனத்தில் இருந்தாள். விடுமுறை வாரத்தில் ஒருநாள் அழைத்தாள்.

"இன்னும் அந்தக் கல்லயா தேய்க்கற? கல்லுக்கே சலிச்சிருக்கும்டி."

"அது ஒண்ணும் சொல்லல."

"ஆஃபீஸ்லதான் உதவிக்கு ஆள் தருவாங்களே, கேளேன்."

"தந்தாங்க. அந்தப் பொண்ணும் அரிசோனா போயிட்டா."

ப்ரென்னா சிரித்தாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "அப்புறம் பேசறேன், சரியா?" என்று வைத்துவிட்டாள்.

மாரிட் விடுதிச் சமையலறையில் பேஸ்டியைச் சூடாக்கி, உருளைக்கிழங்கும் இறைச்சியும் பொதிந்த அந்தப் பண்டத்தில் பாதியைத் தின்றாள். அந்தத் தளத்தில் வேறு விளக்கு எரியவில்லை.

வார இறுதிக்குள் சீவல் ஏறக்குறைய முழுதும் சாம்பலாகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் நின்றது. கை லேசாகச் சாய்ந்தால் போதும், மஞ்சள் போகும். கூடவே பக்கத்துச் சாம்பலும் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை விரல்கள் மடங்கவே இல்லை. துறைத் தலைவி டாக்டர் ஓக்கர்லண்ட் மறுநாள் அரிசோனாவிலிருந்து திரும்பிவிடுவார், அவரிடம் இதைக் காட்ட வேண்டும். சில்லைப் பலகைமேல் வைத்தாள், உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். பலகையைக் கழுவி, ஈரத் துணியால் மூடி, அறைக்குப் போய்ப் பகல் முழுவதும் படுத்துக் கிடந்தாள்.

திங்கட்கிழமை கைகள் கொஞ்சம் இளகியிருந்தன. ஒரு சுற்று, கழுவல், பார்வை. மறுபடி ஒரு சுற்று. மூலையும் சாம்பலாக வெளிறியது, பக்கத்துச் சாம்பலும் போகாமல் நின்றது.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. மூக்குத் தோல் வெயிலில் உரிந்த டாக்டர் ஓக்கர்லண்ட் உள்ளே வந்தார்.

"விடுமுறையெல்லாம் இங்கயேவா கிடந்த? சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன். இதப் பாருங்க."

சில்லை விரல்களால் இடுக்கி எடுக்க வரவில்லை. மேசை விளிம்புவரை தள்ளி, விரித்த உள்ளங்கையில் ஏந்தி அவர் பக்கம் நீட்டினாள். அவர் தன் கையுறையைக் கழற்றிவிட்டு, சில்லை எடுத்துக்கொண்டார்.