இத்தாலிய மேசையோடு செம்பூரிலிருந்து தாராவி வரை

சென்ற சனிக்கிழமை நான் மாட்டுங்கா, தாராவி என்று அலைந்தது ஊர் பார்க்க அல்ல. என் இத்தாலிய மேசையின் கண்ணாடி உடைந்துவிட்டது. "நாளைக்குள்ள சரியாகலேன்னா பழைய சாமான் எடுக்கிற கபாடிவாலாவுக்குத்தான்பா" என்று மகன் சொல்லிவிட்டான்.

நான் கல்லூரிக்குப் போனவனல்ல. அந்தக் கால இத்தாலிய வடிவமைப்பைப் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்தவன். வில்லாக வளைத்த இரண்டு மெல்லிய பிளைவுட் கால்கள், மேலே கண்ணாடி, நான்கு பித்தளைத் திருகுகள். கண்ணாடி மரத்தின்மேல் சும்மா உட்காரவில்லை. விலகப் பார்க்கும் கால்களை அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. நடுவே ஒன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததுதான் மேசையே. வீட்டில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

காலை ஒன்பதரைக்கு டாக்சி. (ஆட்டோவுக்குச் சயானைத் தாண்ட அனுமதி கிடையாது, பேரம் பேசாதீர்கள்.) மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் ஏழு கிலோமீட்டர், சாமானோடு நூற்றெண்பது ரூபாய். அங்கே கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தார்.

"மாமா, இந்தச் செலவுல புதுசே வாங்கிண்டு போலாமே?"

"புதுசை நீரே வைத்துக்கொள்ளும்" என்று கிளம்பிவிட்டேன்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், தாராவி. செல்வம் என்னைப் போலத் திருநெல்வேலிக்காரர், கண்ணாடி வேலை, தச்சு வேலை இரண்டும் பார்ப்பவர். பத்து மில்லிமீட்டர் கண்ணாடியை அறுத்து, நான்கு துளைகளும் சுத்தமாகப் போட்டார். எனக்கு உயிர் வந்தது.

"ஏன் அண்ணாச்சி காவல் நிக்கிய? கண்ணாடி எங்கயும் ஓடிராது. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

போனேன். திரும்பியபோது இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு ரீப்பர் கட்டை, இரும்பு ஆணியோடு. ஆணி இறங்கிய இடத்தில் பிளைவுட் பிளந்திருந்தது.

"எடுங்க அதை!"

"எடுத்தா கால் ரெண்டா போயிரும். தீப்பெட்டி கணக்கா இருந்திச்சு, இப்ப மஜ்பூத்தா, கெட்டியா நிக்கி. கட்டைக்குக் காசு வேண்டாம் அண்ணாச்சி. நம்ம ஊர்க்காரருக்கு இதுகூடச் செய்யாம?"

கண்ணாடிக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டு மேசையை டாக்சியில் ஏற்றினேன்.

வீட்டில் மகன் இரண்டு கையாலும் மேசையை ஆட்டிப் பார்த்தான். "சூப்பர்பா, ஆடவே இல்ல. இருக்கட்டும்." கண்ணாடி வழியாகக் கட்டை அசிங்கமாகத் தெரிகிறதென்று மருமகள் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடிவிட்டாள். மேசை பிழைத்தது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

இப்படிப்பட்ட சாமானோடு கிளம்புகிறவர்களுக்கு: டீயைப் பிளாஸ்க்கில் கொண்டு போங்கள். வேலை முடியும்வரை கடையை விட்டு நகராதீர்கள். நான் நகர்ந்தேன். இப்போது அந்தப் பூக்களின்மேல் என் மாத்திரை டப்பா இருக்கிறது.