மிதந்த எட்டு முட்டை

பேத்தி செல்போன்ல எதையோ பாத்துட்டு வந்து, கண்ணாடி டம்ளர்ல தண்ணி புடிச்சு ஒரு முட்டையைப் போட்டா. "ஆயா, மிதந்தா கெட்டதாம், முங்குனா நல்லதாம்!" எனக்குச் சிரிப்பு தாங்கல. ஏன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றேன், அவகிட்ட சொல்லிடாதிய.

பட்டன் போன் வந்த புதுசு. பட்டினச்சேரியில எங்க கொல்லையில கருவாடு போட்டுக்கிட்டிருந்தேன். சேலையை எத்தனை தடவை தொவைச்சாலும் வாளை வாசம் போவாது. பஸ்ஸுல எனக்கு எப்பவும் சீட்டு கெடைக்கும், பக்கத்து சீட்டும் சேத்து.

கோட்டுச்சேரிமேட்டுல கட்டிக்குடுத்த மூத்தவளை வளைகாப்பு போட்டு அழைச்சுட்டு வந்திருந்தோம். அன்னைக்கு வயித்துல இருந்தவதான் இந்தப் பேத்தி. மவளோட மாமியா, ஒயர் கூடையில உமி போட்டு எட்டு நாட்டுக்கோழி முட்டை கொண்டாந்தாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இருங்க சம்பந்தி, நல்லதான்னு பாத்துடுவோம்"னு கொல்லைத் தொட்டியில ஒவ்வொன்னா விட்டேன். எட்டும் மிதக்குது! அக்கம்பக்கத்துப் பொம்பளைங்கல்லாம் நிக்கிறாங்க. "என்ன சம்பந்தி, அடையில இருந்ததைத் தூக்கிட்டு வந்துட்டியளா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவங்களைத் தவிர. காப்பியைத் தொடல. வெறுங்கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

மவ அழுவுறா. "ஒன் வாயால நான் அங்க போயி வாழ முடியாம ஆயிரும்மா."

ஆத்திரத்துல ஒரு முட்டையைக் கல்லுல அடிச்சேன். மஞ்சக்கரு உருண்டையா நிக்கிது, ஒரு நாத்தமும் இல்ல. அப்பறந்தான் ஒறைச்சுச்சு. அது மீனு ஊறப்போட காலையில நானே உப்பு கரைச்ச தொட்டி! உப்பு பத்துமான்னு பாக்கவே நாங்க முட்டையைத்தான் விடுவோம். மிதந்தா போதும்னு அர்த்தம்.

இன்னொரு முட்டையை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடுனேன். சம்பந்தி அங்கதான் உக்காந்திருந்தாங்க. முட்டையை உடைச்சு அவங்க முன்னாடியே பச்சையாக் குடிச்சேன்.

"தொட்டி ஓரத்துல உப்பு பூத்திருந்துச்சே, எனக்கு அப்பவே தெரியும். நீங்களா வர்றியளான்னு பாக்கத்தான் ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருக்கேன்"னாங்க. என் வாயை முந்தானையால தொடைச்சு விட்டாங்க.

அதுக்கப்பறம் எப்ப வந்தாலும் வாசல்லயே முட்டையை நீட்டிக்கிட்டு, "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"ன்னு கேட்டுட்டுத்தான் செருப்பைக் கழட்டுவாங்க.

இப்ப தொட்டி இல்ல. கடையிலேருந்து அட்டையில முட்டை வருது. சம்பந்தியும் போயி சேந்துட்டாங்க.

டம்ளர்ல முட்டை முங்கிக் கெடந்துச்சு. பேத்தி அந்தப் பக்கம் திரும்புனப்ப ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி விட்டேன். மெதுவா மேல வந்துச்சு.

கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போறதுக்குத்தான் ஆளில்லை.