இரவல் மூட்டு என்று நினைத்தேன்

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவன். கட்டைவிரல் வலியோடு இருப்பவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு கடையில் பரோட்டா போடுகிறேன். ஒரு காலை மாவை வீசும்போது வலது கட்டைவிரலின் அடியில் சுருக்கென்றது. போகப்போகத் தண்ணீர் போத்தலின் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. மருத்துவமனையில் காட்டினேன். எலும்பு முனையின் வழுவழுப்பு போய்விட்டதாம் (மூட்டுத் தேய்வு). எலும்புகளை ஒன்றாக இணைத்துவிட்டால் வலி போகும். ஆனால் விரல் மடங்காது, மாவு வீச முடியாது.

டாக்டர் அம்மா இன்னொரு வழி சொன்னார். இங்கேயே ஆராய்ச்சி செய்து உருவாக்கிய செயற்கை மூட்டு ஒன்று இருந்தது. இயந்திரத்தில் அசைத்துப் பார்த்தாயிற்று. விற்பனைக்கு விடுமுன் சிலருக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள் (மருத்துவ ஆய்வு). சரிப்படாவிட்டால் எடுத்துவிடலாம் என்றார். சம்மதித்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆறியது. விரல் மட்டும் விறைப்பாகவே இருந்தது. எக்ஸ்ரேயில் மூட்டு சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. வீட்டில் கையை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று டாக்டர் கேட்டார். நான் குனிந்துகொண்டேன். என் மனைவி மல்லிகா போட்டு உடைத்தாள்.

"இவரு கரண்டிலதான் சாப்பிடுறாரு டாக்டர். இன்னும் கடைக்கே வராத சாமானாம். திருப்பிக் கேட்டா புதுசாவே குடுக்கணுமாம்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அங்கிள், அது உங்களோடது லா. நீங்க யூஸ் பண்ணாதான் அது எப்படி இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்."

"தேஞ்சு போச்சுன்னா?"

"அதையும் நாங்க பாக்கணும். மத்தவங்களுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி."

அன்று மதியமே ரசம் சோற்றைக் கையால் பிசைந்தேன். கையைக் கண்ணாடிபோல் வைத்திருந்தவர் இறங்கி வந்துவிட்டார் என்றாள் மல்லிகா. வலித்தது, மறுநாளும் பிசைந்தேன். மருத்துவமனையில் விரலுக்குப் பயிற்சி கொடுத்தவர் சரி சொன்ன பிறகு மாவைத் தொட்டேன். முதல் உருண்டை கிழிந்தது. சில வாரம் கழித்து, வீசிய மாவு கல்லை மூடுகிற அளவுக்கு விரிந்தது.

மூட்டு இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. சென்ற முறை மருத்துவமனையில் ஓர் அம்மா போத்தலை முழங்கால்களுக்கிடையே இடுக்கித் திறக்கப் பாடுபட்டார். வாங்கித் திறந்து கொடுத்தேன். அவருக்கும் இதே மூட்டுதான் வைக்கப்போகிறார்களாம். எப்படி இருக்கும் என்று கேட்டார். கூச்சத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் உடம்பிலேயே வயது குறைந்தது அந்த இடம்தான். முன்பெல்லாம் விடிந்ததும் விரலைத்தான் பார்ப்பேன், இன்றைய பொழுது எப்படிப் போகுமோ என்று. இப்போது கல் சூடாகிவிட்டதா என்றுதான் பார்க்கிறேன்.

வலது கையால் எழுதி முடித்தது, புக்கிட் பாத்தோக்,
தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.